பிறக்காத பிள்ளைக்குப் போடும் ஊசி

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஓர் ஊசி போட்டார்கள். ஒன்பது மாதக் கைக்குழந்தையிலிருந்து 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை எல்லாருக்கும். முன்பே தனியார் டாக்டரிடம் போட்டிருந்தாலும் இன்னொரு தடவை. பள்ளி வாசலில் பெற்றோர் பலர் கேட்ட கேள்வி இதுதான்: "மூணு நாள்ல தானா இறங்கிடற அம்மைக்குப் போய் ஊசியா? அதுவும் ஆம்பளைப் பையனுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. அந்த ஊசியில் இரண்டு நோய்களுக்கான மருந்து இருக்கிறது. ஒன்று தட்டம்மை. அது குழந்தையின் உயிரையே எடுத்துவிடும். அதற்கு ஊசி வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. இன்னொன்று ரூபெல்லா. இது படு சாது. லேசாக உடம்பு காயும், காதுக்குப் பின்னால் நெறி கட்டும், முகத்தில் இளஞ்சிவப்பாகத் தடிப்பு கிளம்பி உடம்புக்கு இறங்கும், மூன்றாம் நாள் இருந்த இடம் தெரியாது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்து போனதே தெரியாது. நம் வீடுகளில் இதையும் அம்மைக் கணக்கில் சேர்த்து, வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவோம்.

அந்தப் பையனுக்காக அந்த ஊசி போடப்படவில்லை என்பதே பதில். அவன் அக்காவோ, டீச்சரோ, பஸ்ஸில் பக்கத்தில் நின்று வருகிற முகம் தெரியாத பெண்ணோ, நாள் தள்ளிப்போய் இன்னும் வீட்டில்கூடச் சொல்லாமல் இருக்கலாம். அவள் வயிற்றில் ஆறு வாரக் கரு இருக்கலாம். அதற்காகத்தான் அவன் சட்டைக் கையை மடித்துவிடுகிறான். ஒருத்தருக்கு வரும் நோயைத் தடுக்க இன்னொருத்தருக்கு ஊசி போடும் இந்த ஏற்பாடு மருத்துவர்களுக்கு உடனே தோன்றிவிடவில்லை. தாய்மார் சொல்லி, ஒரு கண் டாக்டர் காது கொடுத்துக் கேட்டதில் தொடங்கியது அது.

1941 தொடக்கம், சிட்னி. நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக் குழந்தைகள் மருத்துவமனையில் கண் பார்க்கும் டாக்டர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிப் பதக்கம் வாங்கியவர், மாநில அளவில் டென்னிஸ் ஆடியவர். அந்த ஆண்டு அவரிடம் வந்த கைக்குழந்தைகளில் பலருக்குக் கண்ணின் கருமணிக்கு நடுவே முத்துப்போல வெள்ளை தெரிந்தது. பிறவிக் கண்புரை. பிறவிப் புரை புதிதில்லை; எங்காவது, எப்போதாவது ஒரு குடும்பத்தில் வரும். ஆனால் இங்கே வாரத்துக்கு வாரம் வந்தார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத குடும்பங்கள். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும். குழந்தைகளின் எடை குறைவு. பால் குடிக்கத் தெம்பில்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இதயத்தில் ஓட்டை இருப்பதற்கான இரைச்சல். அறுவை சிகிச்சைக்காக மருந்துச் சொட்டு விட்டாலும் கண்ணின் பாப்பா சரியாக விரியவில்லை. கண் டாக்டர் கண்ணை மட்டும் பார்த்து அனுப்பியிருக்கலாம். கிரெக் முழுக் குழந்தையையும் பார்த்தார்.

காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாக மருத்துவ உலகில் வழிவழியாக ஒரு கதை உண்டு. 'மாசமா இருந்தப்போ எனக்கு ஜெர்மன் தட்டம்மை வந்துச்சு' என்று ஒருத்தி சொல்ல, 'எனக்கும்தான்' என்றாளாம் இன்னொருத்தி. ரூபெல்லாவுக்கு அங்கே ஜெர்மன் தட்டம்மை என்றுதான் பெயர். அப்படியே நடந்ததோ இல்லையோ, அதற்கப்புறம் அவர் செய்த காரியத்தில் சந்தேகமில்லை. குழந்தை பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, தாய் கருவுற்ற முதல் மாதங்கள் எப்போது என்று கணக்குப் போட்டார். அந்த மாதங்கள் எல்லாம் 1940இல் ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் தட்டம்மை உச்சத்தில் இருந்த காலத்தில் போய் விழுந்தன. போர்க்காலம். இளைஞர்களை முகாம் முகாமாக அடைத்து வைத்திருந்தார்கள். விடுப்பில் வீட்டுக்குப் போனபோது அம்மையும் கூடவே போனது.

கிரெக் மற்ற ஊர்க் கண் டாக்டர்களுக்கும் எழுதிக் கேட்டார். தன்னிடம் வந்த 13 குழந்தைகளோடு அவர்கள் சொன்னவற்றையும் சேர்த்தால் 78. அதில் 68 குழந்தைகளின் தாய்மாருக்கு, கருவுற்றிருந்தபோது அந்த அம்மை வந்திருந்தது. 1941 அக்டோபர் 15ஆம் தேதி மெல்போர்னில் கண் மருத்துவர்கள் கூட்டத்தில் அவர் இதைக் கட்டுரையாக வாசித்தார். செய்தி வெளியானதும் அவருக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, தாய்மார்: "எனக்கும் அந்த அம்மை வந்தது. என் குழந்தைக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. காதுதான் கேட்கவில்லை." கிரெக்கின் முதல் கட்டுரையில் காது இல்லை. அதைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் தாய்மார்களே. இரண்டு ஆண்டில் அடிலெய்டில் சார்ல்ஸ் ஸ்வானும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து அதை உறுதி செய்தார்கள். ரூபெல்லாவால் வரும் குறைகளில் மிக அதிகமானது காது கேளாமைதான் என்பது இன்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா என்றால் இல்லை. 1944இல் லண்டனின் புகழ்பெற்ற லான்செட் இதழ், கிரெக் தன் வாதத்தை நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்று எழுதியது. அன்றைய மருத்துவ நம்பிக்கை வேறு. பிறவிக் குறை என்றால் அது பரம்பரை. நஞ்சுக்கொடி கருவைக் காக்கும் மதில், சாதாரண நோய் அதைத் தாண்டாது. நம்மூரில் கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று பிள்ளைத்தாய்ச்சியைக் குறை சொல்வார்கள். அங்கே அவள் வம்சத்தைக் குறை சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மை வந்ததே என்று அவளே வாய்விட்டுச் சொன்னதை யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

கிரெக்குக்குத் துணையாக வந்த சாட்சிகளில் எனக்குப் பிடித்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆலிவர் லங்காஸ்டர் என்ற ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் பழைய கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டினார். 1911 கணக்கெடுப்பில் காது கேளாதவர்கள் 10 முதல் 14 வயதுக்காரர்களிடம் வழக்கத்துக்கு மாறாக அதிகம். 1921 ஏட்டைப் பார்த்தால் அதே மேடு 20 முதல் 24 வயதில் நிற்கிறது. அதே ஆட்கள், பத்து வயது கூடியிருக்கிறது. பின்னோக்கிப் போனால் 1890களின் கடைசியில் பிறந்தவர்கள். அந்தக் காலத்தில் அங்கே ஜெர்மன் தட்டம்மை பரவியிருந்தது. நாற்பது ஆண்டுகளாக அரசாங்க அலமாரியில் கிடந்த காகிதத்தில் விடை இருந்திருக்கிறது. கேள்வி கேட்க ஆளில்லை.

1943இல் ஹாலிவுட் நடிகை ஜீன் டியர்னி, மாசமாக இருந்தபோது, போர் வீரர்களுக்கான கேளிக்கைக் கூடம் ஒன்றுக்குப் போய்வந்தார். பின்னால் அவருக்கு அந்த அம்மை கண்டது. பிறந்த பெண் குழந்தைக்குக் காது கேட்கவில்லை, கண்ணும் மூளையும் பாதிக்கப்பட்டிருந்தன. சில ஆண்டுகள் கழித்து ஒரு ரசிகை அவரிடம் வந்து, அன்றைக்குத் தனக்கு அம்மை என்று முகாமில் ஒதுக்கி வைத்திருந்ததாகவும், உங்களைப் பார்க்கும் ஆசையில் தப்பி வந்துவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். டியர்னியே தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். இதையொத்த சம்பவத்தை வைத்து அகதா கிறிஸ்டி 1962இல் ஒரு துப்பறியும் நாவலே எழுதினார்.

உள்ளே நடப்பது இது. வைரஸ் தாயின் ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியில் தங்கி, அங்கிருந்து கருவுக்குப் போகிறது. தாயின் உடம்பு அதை ஒரு வாரத்தில் விரட்டிவிடும். கருவுக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை. முதல் 12 வாரம்தான் கண்ணின் வில்லை, இதயத்தின் அறைகள், உள்காது எல்லாம் உருவாகும் காலம். உருவாகிக்கொண்டிருக்கும் திசுவில் வைரஸ் உட்கார்ந்து செல்கள் பெருகுவதை மந்தப்படுத்துகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அந்த 12 வாரத்துக்குள் தாய்க்குத் தொற்று வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது கருக்கள்வரை பாதிக்கப்படலாம். 20 வாரம் தாண்டிவிட்டால் ஆபத்து அரிது. எந்த உறுப்பு கெடும் என்பது அம்மை வந்த வாரத்தைப் பொறுத்தது. பிறந்த பிறகும் அந்தச் சிசு சில சமயம் ஒரு வருஷம்வரை எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். மாசமாக இருக்கும் செவிலியர் அந்தத் தொட்டில் பக்கம் போகக் கூடாது.

இதெல்லாம் தெரிய வைரஸைப் பிடித்தாக வேண்டும். அதற்கு 1962வரை ஆனது. ரூபெல்லா வைரஸோடு வந்த தொல்லை, அது ஆய்வுக்கூடத்துச் செல்களில் வளர்ந்தாலும் வளர்ந்த சுவடே காட்டாது. போலியோ மாதிரி செல்களைச் சிதைத்துக் காட்டினால் கண்டுகொள்ளலாம். வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ ஆய்வகத்தில் பால் பார்க்மனும் சகாக்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். அம்மை கண்ட ராணுவப் பயிற்சியாளர்களின் தொண்டைச் சளியைக் குரங்குச் சிறுநீரகச் செல்களில் விட்டார்கள். சில நாள் கழித்து, செல்களைக் கட்டாயம் அழிக்கக்கூடிய வேறொரு வைரஸை உள்ளே விட்டார்கள். அது வளரவில்லை. பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாக யாரோ துண்டு போட்டு இடம்பிடித்து வைத்திருந்தது போல, கண்ணுக்குத் தெரியாத ஒருவன் அங்கே முன்பே உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். அதே ஆண்டில் ஹார்வர்டில் தாமஸ் வெல்லர் வேறு வழியில் அதே வைரஸைப் பிடித்தார். போலியோ வைரஸை வளர்த்ததற்காக நோபல் பரிசு வாங்கியவர். அவருக்கு மாதிரி கொடுத்தது அம்மை கண்டிருந்த அவருடைய பத்து வயது மகன். மகனின் சிறுநீரில் இருந்தது வைரஸ்.

வைரஸ் கைக்கு வந்தது, தடுப்பூசி வரவில்லை. இடையில் நோய் முந்திக்கொண்டது. ஐரோப்பாவில் கிளம்பிய ரூபெல்லா அலை 1964, 1965இல் அமெரிக்காவைப் புரட்டிப் போட்டது. ஏறத்தாழ 1.25 கோடிப் பேருக்கு நோய். 11,000க்கும் மேற்பட்ட கருக்கள் கலைந்தன அல்லது கலைக்கப்பட்டன. பிறந்த சில நாளில் இறந்த சிசுக்கள் சுமார் 2,100. பிறவி ரூபெல்லாக் குறைகளோடு பிறந்தவை 20,000. அதில் 11,000க்கு மேல் காது கேளாதவை, 3,500க்கு மேல் பார்வையற்றவை. காது கேளாதோர் பள்ளிகள் பின்னாளில் இடமில்லாமல் திணறின.

பிலடெல்பியாவில் ஸ்டான்லி ப்ளாட்கின் என்ற, முப்பது வயதைத் தாண்டிய டாக்டர் அந்த அலையின் நடுவில் நின்றார். லண்டனில் ரூபெல்லாக் குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தவர். அவரிடம் கருவுற்ற பெண்கள் வருவார்கள்: "எனக்கு அந்த அம்மை வந்துவிட்டது, என்ன செய்ய?" அவரால் சொல்ல முடிந்ததெல்லாம் வாய்ப்புக் கணக்குதான். பல பெண்கள் கருவைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்தார்கள். அப்படிக் கலைந்த கருக்களின் திசு ப்ளாட்கினின் ஆய்வகத்துக்கு வந்தது. 27ஆவது கருவின் மூன்றாவது திசுத் துண்டில் வைரஸ் கிடைத்தது. அதனால் அதற்கு ஆர்ஏ 27/3 என்று பெயர். உலகில் பெரும்பாலான ரூபெல்லாத் தடுப்பூசிக் குப்பிகளில் இன்றும் இருப்பது அந்த வைரஸின் வழித்தோன்றல்தான். நம் சுகாதார நிலையத்துக் குப்பியிலும் அதுவே.

உயிருள்ள வைரஸை அப்படியே ஊசியில் போட முடியாது. வீரியத்தைக் குறைக்க வேண்டும். ப்ளாட்கின் அதை உடம்புச் சூட்டைவிடக் குறைவான 30 டிகிரியில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். குளிருக்குப் பழகியது, மனித உடம்புக்குள் போனால் அடங்கி நடக்கும். எதில் வளர்த்தார் என்பதுதான் சண்டைக்கு இடமானது. தான் வேலை பார்த்த அதே விஸ்டார் நிறுவனத்தில் லெனார்ட் ஹேஃப்ளிக் 1962இல் உருவாக்கிய டபிள்யூஐ-38 என்ற மனித நுரையீரல் செல்களில் வளர்த்தார். அந்தச் செல்கள் ஸ்வீடனில் சட்டப்படி கலைக்கப்பட்ட ஒரு கருவிலிருந்து வந்தவை. அந்தத் தாயிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியவே பல ஆண்டுகள் ஆயின.

அமெரிக்க அதிகாரிகளுக்கு மனிதச் செல் என்றாலே பயம். அதில் என்ன ஒளிந்திருக்குமோ என்றார்கள். குரங்குச் செல்லில் செய்த போலியோ மருந்தில் குரங்கு வைரஸ் ஒன்று ஒளிந்திருந்தது அதற்குச் சில ஆண்டு முன்புதான் தெரிய வந்திருந்தது. மனிதச் செல்தான் சுத்தம் என்று ப்ளாட்கின் வாதாடினார். எடுபடவில்லை.

ஊசியை முதலில் யாருக்குப் போட்டுப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிலடெல்பியாவில் கத்தோலிக்க சபை நடத்திய ஓர் அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு. பேராயரின் அனுமதியோடு. பிள்ளைகளுக்குப் பெற்றோர் இல்லை, ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், நோய் பரவுகிறதா என்று பார்க்க வசதி. அந்தக் காலத்தில் இதெல்லாம் வழக்கம். ப்ளாட்கினும் பின்னாளில் இதை மறைக்கவில்லை. வழக்கம் என்பது பதிலாகிவிடாது. இந்த ஊசியால் பிழைத்த கண்களையும் காதுகளையும் எண்ணுகிற அதே கையால், கேட்காமல் எடுத்துக்கொண்டவற்றையும் எண்ணத்தான் வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது.

1969இல் அமெரிக்காவில் முதல் ரூபெல்லாத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. ப்ளாட்கினுடையது இல்லை, பார்க்மனும் ஹாரி மேயரும் குரங்குச் செல்லில் 77 முறை வளர்த்து எடுத்த வைரஸ், மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் அதை வாத்துச் செல்லுக்கு மாற்றியது. நாய்ச் சிறுநீரகத்தில் வளர்த்த இன்னொரு வகையும் வந்தது. அது மூட்டுவலியைக் கொடுத்துச் சீக்கிரமே கெட்ட பெயர் வாங்கியது. ப்ளாட்கினின் ஊசிக்கு 1970இலேயே பிரிட்டன் கதவைத் திறந்துவிட்டது, அமெரிக்கா திறக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் டாரதி ஹார்ஸ்ட்மன் என்ற பெண் விஞ்ஞானி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆர்ஏ 27/3தான் இயற்கையாக அம்மை வந்து போனதற்கு நிகரான பாதுகாப்பைத் தருகிறது என்று கண்டார். ஹில்மனிடம் எடுத்துச் சொன்னார். ஹில்மன் தன் கைச்சரக்கை ஒதுக்கிவிட்டுப் போட்டியாளரின் வைரஸுக்கு மாறினார். 1979இல் அமெரிக்காவில் அனுமதி. மருந்துக் கம்பெனி வரலாற்றில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

ஊசி கிடைத்தது. யாருக்குப் போடுவது? அந்தப் பள்ளி வாசல் கேள்வியில் நாடுகளே தடுமாறியிருக்கின்றன. அமெரிக்கா ஆண் பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டது. பிரிட்டன், 'கருவுறப் போவது பெண்தானே' என்று 1970 முதல் பள்ளிச் சிறுமியருக்கு மட்டும் போட்டது. ஜப்பானும் 1977இல் அதே வழி. கேட்கச் சிக்கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் பையன்கள் வழியாக வைரஸ் ஊரில் உலவிக்கொண்டே இருந்தது. ஊசி தவறிப்போன, அல்லது ஊசி பிடிக்காத ஒருசில பெண்களை அது தேடிக் கண்டுபிடித்தது. பிரிட்டன் 1988இல் எல்லாருக்கும் என்று மாறியது. ஜப்பான் பின்னால் மாறினாலும், சிறுவயதில் விடுபட்ட ஆண்கள் அப்படியே நடுவயதுக்கு வந்துவிட்டார்கள். 2013இல் அங்கே 14,000க்கு மேற்பட்டோருக்கு ரூபெல்லா. அதிகம் அந்த நடுவயது ஆண்கள். அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அலையில் 45 குழந்தைகள் குறைகளோடு பிறந்தன.

கிரீஸ் கற்றுக்கொடுத்த பாடம் இன்னும் விசித்திரம். அங்கே 1970களின் நடுவிலிருந்து ஊசி கிடைத்தது, ஆனால் பாதிப் பிள்ளைகளுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. அரைகுறையாகப் போட்டால் கொஞ்சமாவது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. முன்பெல்லாம் சிறுவயதிலேயே அம்மை வந்து பாதுகாப்பு வந்துவிடும். அரைகுறை ஊசியால் ஊரில் வைரஸ் மெதுவாகச் சுற்றியது. பெண்கள் அதைச் சந்திக்காமலே வளர்ந்தார்கள். சந்தித்தபோது வயிற்றில் பிள்ளை இருந்தது. 1993இல் அங்கே வந்த அலையில் 25 குழந்தைகளுக்குப் பிறவி ரூபெல்லா உறுதியானது. அந்தச் சின்ன நாடு அதுவரை கண்டிராத எண்ணிக்கை. 80 சதவீதத்துக்கு மேல் போட முடியும் என்றால் மட்டும் இந்த ஊசியைத் தொடங்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்கு நெடுங்காலம் சொல்லிவந்தது இதனால்தான்.

இந்தியா தாமதித்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. வசதியுள்ளவர்கள் தனியாரிடம் ரூபெல்லாவும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்; அரசுத் திட்டத்தில் ரூபெல்லா இல்லை. நோய் இல்லாமல் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரையோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1996இல் பிரிட்டிஷ் இதழில் வந்தது. அடிபட்டதால் வராத புரைகளில் சுமார் 15 சதவீதம் ரூபெல்லாவால் வந்தவை. கிரெக் பார்த்த அதே முத்து வெள்ளையை, அரை நூற்றாண்டு கழித்து, தடுப்பூசி வந்து ஒரு தலைமுறை கடந்தும், மதுரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடு முழுக்க ஆண்டுக்கு 40,000 குழந்தைகள் இந்தக் குறைகளோடு பிறப்பதாக மத்திய அரசின் மதிப்பீடு சொன்னது.

அதனால்தான் 2017இல் தொடங்கியபோது ஒரே வீச்சில், 41 கோடிப் பிள்ளைகள் இலக்கு. முதல் கட்டத்தில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு. கைக்குழந்தை முதல் ஒன்பதாம் வகுப்புவரை ஒருசேரப் போட்டு வைரஸ் உலவுகிற வயதையே அடைத்துவிட்டு, அதன்பின் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் வழக்கமான ஊசியாகத் தொடர்வது. திட்டம் சரி. நம்மூரில் வாட்ஸ்ஆப் முந்திக்கொண்டது. குழந்தை இறந்துவிட்டது, மலடாக்கும் மருந்து, வெளிநாட்டுச் சோதனை என்று குரல் பதிவுகள் பறந்தன. அநாதை இல்லத்துச் சோதனை நடந்த உலகில் சோதனை பற்றிய பயம் அடியோடு பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2017இல் அந்த ஊசி உலகெங்கும் பல கோடிப் பேர் போட்டு முடித்தது. வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் ரூபெல்லா ஒழிந்துவிட்டதாக 2015லேயே அறிவித்தாகிவிட்டது. இங்கே அதிகாரிகள் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார்கள், முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள். மறுத்த பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தன் பிள்ளை என்பதே கணக்கு. கிரீஸ் கணக்கு அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் இந்த ஊசி தயாராவதைப் பார்க்கலாம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் காய்ந்த தூள் ஒட்டியிருக்கும். அதோடு வந்த நீரை மட்டும் விட்டுக் கலக்க வேண்டும். வேறு நீர் ஆகாது. கலக்கிய நேரத்தைச் செவிலியர் குப்பி மேலேயே எழுதி வைப்பார். நான்கு மணி நேரம்தான் கெடு. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருந்தாலும், இரண்டே குழந்தை வந்தாலும், நேரம் முடிந்தால் மீதியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். வலது மேற்கையில், தோலுக்கடியில், அரை மில்லி. ஆண் குழந்தை, பெண் குழந்தை வித்தியாசம் இல்லை.

2017இல் 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் இந்த வீச்சில் வராதவர்கள். பலருக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருக்கும், சிலருக்கு இல்லை. கரு தங்கவில்லை என்று டாக்டரிடம் போனால், கருவைப் பாதிக்கும் தொற்றுகளைப் பார்க்கும் 'டார்ச்' டெஸ்ட் எழுதித் தருவது நம் ஊர்களில் சகஜம். அதில் ரூபெல்லா வரிசையில் 'ஐஜிஜி பாசிட்டிவ்' என்று வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. மாமியார் வரை செய்தி போகிறது. கலங்க ஒன்றுமில்லை. முன்பே நோயோ ஊசியோ வந்து பாதுகாப்பு இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். புதிய தொற்றைச் சொல்வது ஐஜிஎம். அதுவும் தனியாக வந்தால் மறுபடி சோதித்துப் பார்த்த பிறகே முடிவு. ஐஜிஜி நெகட்டிவ் என்று வந்தால்தான் வேலை இருக்கிறது. கரு இல்லாத சமயம் என்றால் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் தள்ளிப் போட வேண்டும். கரு இருந்தால் இப்போது போடக் கூடாது. உயிருள்ள வைரஸ் என்பதால் முன்னெச்சரிக்கை. தெரியாமல் போட்டுவிட்டால் அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. அப்படிப் போட்டுக்கொண்ட பெண்களைக் கவனித்து வந்ததில் குழந்தைகளுக்குப் பிறவி ரூபெல்லாக் குறை காணப்படவில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புவதற்குள் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை.